ஃபுளோரன்ஸ்: யார் பணத்தில் எழுந்த நகரம்?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் சுற்றுலாவுக்குக் கடிவாளம் போடுகிறது என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. 2023இல், பழைய நகரப் பகுதியில் புதிதாகக் குறுகிய கால வாடகை வீடுகள் தொடங்கத் தடை வந்தது. 2024 நவம்பரில், வாடகை வீடுகளின் வாசலில் தொங்கும் சாவிப்பெட்டிகளுக்கும், வழிகாட்டிகள் தெருவில் நின்று பேசும் ஒலிபெருக்கிகளுக்கும் எதிராக நகராட்சி அறிவிப்பு வெளியிட்டது. சுற்றுலாவால் வாழும் ஊர் சுற்றுலாப் பயணிகளை ஏன் நெருக்குகிறது என்று வாசகர்கள் குழம்புவது இயல்பே.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. வழிகாட்டியோடு மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வருகிறவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், புருனெல்லெஸ்கி, கிபெர்ட்டி, டொனாட்டெல்லோ, மைக்கேலாஞ்சலோ என்று சிற்பிகள், கட்டடக் கலைஞர்களின் பெயர்கள் மட்டும் வரும். எது முன், எது பின், எதற்காக எது கட்டப்பட்டது என்பது மனதில் நிற்காது. காரணம், பெரும்பாலான நடைச் சுற்றுலாக்கள் "இதைச் செய்தவர் யார்?" என்ற ஒரே கேள்வியைச் சுற்றி அமைகின்றன. அதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, "இதற்குப் பணம் கொடுத்தவர் யார்?" என்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் ஃபுளோரன்ஸ் தானாகவே வரிசைப்படும். இன்றைய கட்டுப்பாடுகளின் காரணமும் அந்த வரிசையின் கடைசிப் படியில்தான் இருக்கிறது.

இங்கே சொல்லப்படும் பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். நகரின் வடக்கே உள்ள சாந்திஸ்ஸிமா அனுன்சியாட்டா சதுக்கத்தில் தொடங்கி, ஆர்னோ ஆற்றைக் கடந்து, பிட்டி மாளிகையில் முடிகிறது. நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம். நின்று பார்த்தால் ஒரு நாள் போதாது.

## முதலில் சில சொற்கள்

1. மறுமலர்ச்சிக் காலம்: ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை, பழைய ரோமானிய, கிரேக்கக் கலையையும் நூல்களையும் மீண்டும் ஊன்றிக் கற்று, அதன்மேல் புதியன படைத்த காலம். அதன் முதற்பெரும் களங்களுள் ஒன்று ஃபுளோரன்ஸ்.

2. கில்டு: ஒரே தொழில் செய்வோரின் அமைப்பு. தரம், பயிற்சி, உறுப்பினர் சேர்க்கை எல்லாம் அதன் கையில். ஃபுளோரன்ஸில் 21 கில்டுகள் இருந்தன. 7 பெரியவை, 14 சிறியவை. துணி வணிகர்களின் கலிமாலா, கம்பளித் துணி உற்பத்தியாளர்களின் கில்டு, பட்டுக் கில்டு, வங்கியாளர் கில்டு ஆகியவை பெரியவற்றில் அடங்கும். கில்டில் பெயர் இல்லாதவர் அரசுப் பதவிக்கு வர முடியாது.

3. சிஞ்ஞோரியா: குடியரசின் ஆட்சிக் குழு. ஒன்பது பேர். பைகளில் போட்டு வைத்த பெயர்களிலிருந்து குலுக்கி எடுக்கப்படுவார்கள். இரண்டு மாதம் மட்டுமே பதவி.

4. ஓப்பெரா: பெரிய கட்டடம் ஒன்றின் வரவு செலவையும் பணியையும் நடத்தும் குழு. பேராலயத்தின் ஓப்பெரா இன்றும் இயங்குகிறது.

5. ஃபுளோரின்: 1252இல் இந்நகரம் அச்சிடத் தொடங்கிய தங்கக் காசு. எடை சுமார் 3.5 கிராம். ஒரு பக்கம் லில்லி மலர், மறுபக்கம் நகரின் காவல் புனிதர் திருமுழுக்கு யோவான். ஐரோப்பா முழுவதும் நம்பி வாங்கிய காசு இது. நகரின் வங்கிகள் வளர்ந்ததும் இந்த நம்பிக்கையின் மேல்தான்.

## பட்டு வணிகர்கள் கட்டிய குழந்தைகள் இல்லம்

சாந்திஸ்ஸிமா அனுன்சியாட்டா சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில், மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட நீண்ட தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் பட்டுக் கில்டு கட்டிய இல்லம் இது. பிராட்டோ நகர வணிகர் பிரான்செஸ்கோ தத்தினி தம் உயிலில் எழுதி வைத்த 1000 ஃபுளோரின் இதற்கு முதல் விதை. 1419இல் பணி தொடங்கியது. வடிவமைத்தவர் புருனெல்லெஸ்கி. தொழிலால் பொற்கொல்லர், ஃபுளோரன்ஸில் பொற்கொல்லர்கள் பட்டுக் கில்டைச் சேர்ந்தவர்கள் என்பதால், தங்கள் ஆளிடமே வேலையைக் கொடுத்தார்கள் எனலாம்.

தூணின் உயரம் எவ்வளவோ, இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் அவ்வளவே; தாழ்வாரத்தின் ஆழமும் அதே அளவு. கண்ணுக்கு வரும் அமைதிக்குக் காரணம் இந்த ஒரே அளவுதான். மறுமலர்ச்சிக் கட்டடக்கலை என்று பாடநூல்கள் சொல்வதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று, ஓர் அரண்மனையிலோ கோயிலிலோ அல்லாமல், அனாதைக் குழந்தைகளின் வாசலில் இருக்கிறது. இந்த நடையை இங்கே தொடங்கச் சொல்வது அதனால்தான்.

1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்து சேர்ந்தது. பெண் குழந்தை. அன்று புனித ஆகத்தாவின் திருநாள். அகாத்தா ஸ்மெரால்டா என்று பெயரிட்டார்கள். தாழ்வாரத்தின் இடது கோடியில், குழந்தைகளை உள்ளே கொடுக்கும் திறப்பு இருந்த இடத்தை இன்றும் காணலாம். அது 1875இல் மூடப்பட்டது. உள்ளே அருங்காட்சியகத்தில் சிறிய இழுப்பறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பாதியாக உடைத்த பதக்கம், அறுத்த காசு, மணி கோத்த நூல். பிற்காலத்தில் குழந்தையோடு விட்டுச்சென்ற அடையாளங்கள் இவை. மறு பாதி தாயின் கையில். என்றைக்காவது வந்து பொருத்திக் காட்டிக் குழந்தையைத் திரும்பப் பெறலாம் என்ற நினைப்பு. பெட்டியில் இன்னும் பாதிகளாகவே கிடக்கிறவற்றைப் பார்த்துவிட்டு நகர்வது எளிதல்ல.

குழுச் சுற்றுலாக்களில் பல இந்தச் சதுக்கத்துக்கு வருவதே இல்லை. பெரும் இழப்பு அது.

## கம்பளிப் பணத்தில் உயர்ந்த குவிமாடம்

இங்கிருந்து செர்வி தெரு நேர்கோடாகச் செல்கிறது. தெருவின் மறுமுனையை அடைத்துக்கொண்டு செங்கல் நிறக் குவிமாடம் நிற்கும். சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்தின் அடித்தளம் 1296இல் போடப்பட்டது. 1331 முதல் பணியின் பொறுப்பு கம்பளிக் கில்டிடம். அதற்கு எதிரே உள்ள எண்கோணத் திருமுழுக்கு ஆலயம் கலிமாலாவின் பராமரிப்பில். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்கள், இரண்டு கில்டுகள். அவற்றுக்கிடையே இருந்த போட்டி ஊருக்குக் கொள்ளை லாபம்.

1401இல் திருமுழுக்கு ஆலயத்தின் வெண்கலக் கதவுக்காகக் கலிமாலா ஒரு போட்டி வைத்தது. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை வெண்கலத்தில் செய்து காட்ட வேண்டும். இறுதிச் சுற்றில் கிபெர்ட்டியும் புருனெல்லெஸ்கியும். இருவரின் பலகைகளும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புருனெல்லெஸ்கியின் காட்சியில் பதற்றம் அதிகம்: வானதூதர் ஆபிரகாமின் கையைப் பிடித்தே நிறுத்துகிறார். கிபெர்ட்டியின் காட்சி நளினமானது. வென்றவர் கிபெர்ட்டி. கலை நயம் ஒரு காரணம் என்றால், பலகையின் பின்புறம் இன்னொரு காரணம். கிபெர்ட்டி ஏறத்தாழ முழுவதையும் ஒரே வார்ப்பாக, உள்ளே குடைவாக வார்த்திருந்தார். அதனால் அவர் செலவழித்த வெண்கலம் போட்டியாளருடையதைவிடச் சுமார் 7 கிலோ குறைவு. ஒரு கதவுக்கு 28 பலகைகள். துணி வணிகர்களுக்கு இந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் கதவை முடிக்க 1424 ஆயிற்று. அடுத்த கதவு 1425 முதல் 1452 வரை. "சொர்க்க வாசல்" என்று உலகம் அழைப்பது இந்த இரண்டாவதைத்தான். சட்டத்தின் நடுவில், கண் மட்டத்துக்குச் சற்று மேலே, வழுக்கைத் தலையோடு புருவத்தை உயர்த்திப் பார்க்கும் ஒரு சிறிய முகம் துருத்திக்கொண்டிருக்கும். அது கிபெர்ட்டியே.

தோற்ற புருனெல்லெஸ்கி எதிர்ப்பக்கத்தில் வென்றார். பேராலயம் கட்டி வந்தவர்கள் குவிமாடத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, அதை எப்படி மூடுவது என்று தெரியாமலேயே சுவரை ஏற்றியிருந்தார்கள். சிக்கலை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்:

1. மூட வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 45 மீட்டர். அதுவும் தரையிலிருந்து 50 மீட்டருக்கும் மேலான உயரத்தில்.

2. வளைவு கட்டும்போது அதைத் தாங்க மரச் சாரம் வேண்டும். அவ்வளவு பெரிய சாரத்துக்குத் தேவையான மரமும் இல்லை. அமைத்தாலும் தன் பாரத்தில் அதுவே முறியும்.

3. வடிவம் எண்கோணம். வட்டமாக இருந்தால் ஒவ்வொரு வரிசையும் வளையமாகப் பூட்டிக்கொண்டு நிற்கும். எண்கோணம் இயல்பாக அப்படி நிற்காது.

4. குவிமாடம் தன் அடிப்பகுதியை வெளிப்புறமாகத் தள்ளும். வெளியே முட்டுச் சுவர் கட்ட நகரத்தாருக்கு விருப்பமில்லை.

1420இல் தொடங்கிய பணியில் அவர் கண்ட வழி: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஓடுகள். வெளித்தள்ளலை அடக்க, பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போடுவதுபோல, கல்லாலும் மரத்தாலும் சுற்றிக் கட்டிய வளையங்கள். செங்கற்களைப் படுக்கையாக மட்டும் வைக்காமல், இடையிடையே ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அலமாரியில் புத்தகங்கள் சரியாமல் இருக்க ஓரத்தில் தாங்கி வைப்பதுபோல, சாந்து இறுகும்வரை படுக்கைக் கற்கள் வழுக்காமல் அந்த நிமிர்ந்த கல் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வரிசையிலும் நிமிர்ந்த கல் சற்றே தள்ளி வருவதால், மொத்தத்தில் மீன்முள் வடிவில் சுழன்று மேலேறும் கோலம் உண்டாகிறது. மேலே செல்லும் 463 படிகளில் ஏறுகிறவர்கள், இரண்டு ஓடுகளுக்கும் இடையில் நடக்கும்போது இந்தக் கோலத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். சுவர் உள்நோக்கிச் சாயச்சாய உடலும் அதோடு சாயும். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள், தரையிலிருந்து சாரம் இல்லாமல், மாடு சுழற்றிய ஏற்றப்பொறியின் துணையோடு இப்படி மேலே போயின.

1436 மார்ச் 25 அன்று திருத்தந்தை நான்காம் யூஜின் ஆலயத்தை அர்ப்பணித்தார். அன்றைய ஃபுளோரன்ஸ் நாட்காட்டியில் அதுவே புத்தாண்டு நாள்.

இரண்டு எச்சரிக்கைகள். பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த முகப்பை மறுமலர்ச்சிக் கலையென்று நினைத்துப் படம் எடுப்போர் பலர். அது 1887இல் முடிக்கப்பட்டது. உள்ளே குவிமாடத்தின் உட்புறத்தை நிரப்பும் இறுதித் தீர்ப்பு ஓவியம் 1570களைச் சேர்ந்தது. அதற்குள் பணம் கொடுப்பவர் மாறிவிட்டார். அவரைச் சிஞ்ஞோரியா சதுக்கத்தில் சந்திப்போம்.

## ஓர்சான்மிக்கேலே: சுவர் முழுக்கக் கில்டுகள்

கால்சாயுவோலி தெருவில் தெற்கே இறங்கினால், பாதி வழியில், தேவாலயம்போலவும் இல்லாமல் கிடங்குபோலவும் இல்லாமல் ஒரு சதுரக் கட்டடம். தானியச் சந்தையாக இருந்து ஆலயமாக மாறியது ஓர்சான்மிக்கேலே. அதன் வெளிச்சுவரில் 14 மாடங்கள். ஒவ்வொன்றிலும் தங்கள் காவல் புனிதரின் சிலையை வைக்க வேண்டும் என்று கில்டுகளுக்கு 1406இல் பத்தாண்டுக் கெடு விதித்தது அரசு. பக்கத்துக் கில்டுக்குத் தாங்கள் சளைத்தவர்கள் அல்ல என்ற வேகத்தில் சிலைகள் வந்தன.

இங்கே கில்டின் பண பலத்தைப் பொருளிலேயே படிக்கலாம். வெண்கலச் சிலைக்குச் சலவைக்கல்லைப்போலப் பல மடங்கு செலவு. கலிமாலா கிபெர்ட்டியிடம் வெண்கலத்தில் யோவானைச் செய்து வாங்கியது. அங்கியின் ஓரத்தில் சிற்பி தம் பெயரைப் பொறித்திருக்கிறார். லினன் துணி வியாபாரிகள் சிறிய கில்டு, அவர்களுக்குச் சலவைக்கல். ஆனால் சிற்பி டொனாட்டெல்லோ. அவர் செதுக்கிய புனித மாற்கின் பாதங்களைக் கவனியுங்கள்: புனிதர் ஒரு மெத்தையின்மேல் நிற்கிறார், பாரத்தில் மெத்தை அமுங்கியிருக்கிறது. துணிக்கடைக்காரர்களின் புனிதருக்கு வேறென்ன பீடம் பொருந்தும்? கொத்தர்கள், தச்சர்கள் கில்டின் மாடத்தில் நான்கு புனிதர்கள். அவர்களின் காலடியில், சுவர் எழுப்பும், கல் குடையும், சிலை செதுக்கும் தொழிலாளர்கள் வேலை உடையிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் இந்தச் சுவரில் இல்லாதவர்களைப் பற்றியும் வழிகாட்டி பேச வேண்டும். கம்பளிக் கில்டு என்பது முதலாளிகளின் கில்டு. கம்பளியைச் சிக்கெடுத்து, அலசி, அடித்துத் தந்த ஆயிரக்கணக்கான கூலிகளுக்குக் கில்டும் இல்லை, குரலும் இல்லை. சியோம்பி என்று அழைக்கப்பட்ட அவர்கள் 1378இல் கிளர்ந்தெழுந்து ஆட்சி மாளிகையையே கைப்பற்றினார்கள். தங்களுக்கென்று கில்டுகளையும் பெற்றார்கள். நான்கே ஆண்டுகளில், 1382க்குள், அவை முற்றிலும் பிடுங்கப்பட்டன. குவிமாடத்தின் செலவில் அவர்கள் பிழிந்த கம்பளியின் பங்கு இருக்கிறது. அவர்களுக்கு ஒரு மாடம் இல்லை.

## வங்கிக் குடும்பம் எப்படி உள்ளே வந்தது

மெடிச்சி என்ற பெயரைச் சொன்னதுமே மன்னர் குடும்பம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. முதல் நூறாண்டுகளுக்கு அது தவறு. ஜொவான்னி தி பிச்சி 1397இல் தொடங்கியது ஒரு வங்கி. அவர் மகன் கோசிமோ 1433இல் நாடு கடத்தப்பட்டு, மறு ஆண்டே வெற்றியோடு திரும்பினார். அதன்பிறகும் மகுடம் சூடவில்லை. குலுக்குப் பையில் யாருடைய பெயர் இருக்கலாம் என்பதைத் தம் ஆட்கள் தீர்மானிக்கும்படி பார்த்துக்கொண்டார். குடியரசின் வடிவம் அப்படியே இருந்தது. உள்ளே கை மாறியிருந்தது.

வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலம் அது. வங்கியாளர்கள் நாணய மாற்றின் வழியாக லாபம் பார்த்தார்கள்; மனசாட்சியின் பாரத்துக்குக் கோயில் கட்டினார்கள். சான் மார்க்கோ மடத்தைக் கோசிமோ தம் செலவில் புதுப்பித்தார். துறவியர் அறைகள் ஒவ்வொன்றிலும், துறவியும் ஓவியருமான ஃப்ரா ஆஞ்செலிகோவின் ஓவியம் வந்தது. பக்தியும் கணக்கும் அவரிடம் சேர்ந்தே இருந்தன என்றே நான் படிக்கிறேன்; ஒன்று மற்றதன் முகமூடி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த அதிகாரத்தைப் பொறுக்காத பாட்ஸி குடும்பத்தார் 1478 ஏப்ரல் 26 அன்று பேராலயத்துக்குள், வழிபாட்டின் நடுவே, கோசிமோவின் பேரன் ஜூலியானோவைக் குத்திக் கொன்றார்கள். அண்ணன் லொரென்சோ காயத்தோடு தப்பினார். குவிமாடத்தின் அடியில் நிற்கும்போது இதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

## சிஞ்ஞோரியா சதுக்கம்: சிலைகள் நடத்தும் வாதம்

1299இல் தொடங்கிய ஆட்சி மாளிகை, இன்று பலாட்சோ வெக்கியோ எனப்படுவது, சதுக்கத்தின்மேல் கோட்டைபோல் நிற்கிறது. அதன் முன்னே உள்ள சிலைகளை அழகு வரிசையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஒவ்வொரு சிலையும் முந்தைய சிலைக்குச் சொன்ன பதில். வரிசையாக:

1. யூதித்து, 1495. ஒலோபெர்னஸ் என்ற கொடுங்கோல் தளபதியின் தலையை வெட்டும் பெண். டொனாட்டெல்லோ செய்த இந்தச் சிலை மெடிச்சி மாளிகைத் தோட்டத்தில் இருந்தது. 1494இல் மெடிச்சிகளை விரட்டிய குடியரசு அதைத் தூக்கி வந்து மாளிகை வாசலில் வைத்து, பொது நலத்துக்கு எடுத்துக்காட்டாகக் குடிமக்கள் நிறுவியது என்று பீடத்தில் பொறித்தது. சிலை அதே சிலை. அது சொல்லும் கருத்து மட்டும் பழைய உரிமையாளருக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

2. சவனரோலாவின் வட்டக்கல், 1498. சதுக்கத்தின் தரையில் பதித்த வட்டக்கல் ஒன்று உண்டு. குனிந்து பார்க்காவிட்டால் தப்பிவிடும். ஆடம்பரப் பொருள்களையும் ஓவியங்களையும் தீயிலிட வைத்து நகரையே தம் பிரசங்கத்தால் ஆட்டிவைத்த துறவி சவனரோலா, 1498 மே 23 அன்று இங்கே தூக்கிலிடப்பட்டு எரிக்கப்பட்டார்.

3. தாவீது, 1504. பேராலயத்தின் ஓப்பெராவிடம் நெடுங்காலமாகக் கிடந்த, வேறு சிற்பிகள் கைவைத்துக் கைவிட்ட சலவைக்கல்லில் மைக்கேலாஞ்சலோ செதுக்கியது. உயரம் 5.17 மீட்டர். பேராலயத்தின் உச்சியில் வைக்கத்தான் கேட்டார்கள். முடிந்ததைக் கண்டபின், எங்கே வைப்பது என்று ஆலோசிக்க ஒரு குழு கூடியது; லியொனார்டோ டா வின்சியும் போட்டிச்செல்லியும் அதில் இருந்தார்கள். பட்டறையிலிருந்து சதுக்கத்துக்குக் கொண்டுவர நான்கு நாள் ஆயிற்று. யூதித்தை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தாவீதை நிறுத்தினார்கள். பெரிய எதிரியைச் சிறிய கவணால் வீழ்த்தியவன், சிறிய குடியரசின் அடையாளம்.

4. பெர்சேயஸ், 1554. இதற்குள் குடியரசு இல்லை. 1530இல் முற்றுகைக்குப் பணிந்த நகரம் மெடிச்சிகளின் கைக்கே திரும்பி, அவர்கள் கோமகன்கள் ஆனார்கள். 1537இல் பதவிக்கு வந்த முதலாம் கோசிமோ (முன்பு சொன்ன வங்கியாளர் கோசிமோ வேறு), சிற்பி செல்லினியைக் கொண்டு வெண்கலத்தில் கிரேக்கப் புராண வீரன் பெர்சேயஸைச் செய்வித்துப் பக்கத்து மண்டபத்தில் நிறுத்தினார். அவன் உயர்த்திப் பிடித்திருப்பது மெதூசாவின் தலை. அதைப் பார்த்தவர்கள் கல்லாவார்கள் என்பது கதை. எதிரே கல்லாக நிற்பவன் தாவீது. இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அதே கோசிமோவின் குதிரைச் சிலை பின்னாளில் சதுக்கத்தின் நடுவே எழுந்தது. பேராலயக் குவிமாடத்தின் உட்புற ஓவியத்தைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

## அலுவலகம் அருங்காட்சியகமான கதை

உஃபிஸி என்றால் அலுவலகங்கள் என்றே பொருள். சிதறிக் கிடந்த கில்டு, நீதி, நிர்வாக அமைப்புகளைத் தம் கண்ணெதிரே ஒரே கூரைக்குள் கொண்டுவர 1560இல் கோசிமோ இதைத் தொடங்கினார், வடிவமைத்தவர் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி. கட்டடத்துக்காக விழுங்கப்பட்டவற்றில் ஒன்று, மாளிகை எழுவதற்கு முன்பு குடியரசின் மன்றம் கூடிய சான் பியெர் ஸ்கெராஜ்ஜோ ஆலயம். நின்னா தெருவுக்குள் திரும்பினால் அதன் பழைய வளைவுகள் உஃபிஸியின் சுவருக்குள் புதைந்து எட்டிப் பார்ப்பதைக் காணலாம்.

ஓவியங்கள் இன்றும் இங்கே இருப்பதற்கு ஒரு பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். மெடிச்சி வம்சம் ஆண் வாரிசு இல்லாமல் 1737இல் முடிந்தது. நாடு லொரேன் வம்சத்தின் கைக்குப் போனது. அரச வம்சம் மாறினால் செல்வங்கள் மூட்டை கட்டப்படுவது அக்கால வழக்கம். குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737 அக்டோபர் 31 அன்று புதிய ஆட்சியாளரோடு செய்த உடன்படிக்கையில், சேகரிப்புகள் எதுவும் ஃபுளோரன்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதி வாங்கினார். அரசின் அணியாகவும், மக்களின் பயனுக்காகவும், வெளிநாட்டாரின் ஆர்வத்தை ஈர்க்கவும் அவை இங்கேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1769இல் உஃபிஸி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

"வெளிநாட்டாரின் ஆர்வம்" என்ற அந்த மூன்றாவது காரணத்தில், நகரின் அடுத்த பணக்காரர் வந்துவிடுகிறார். கில்டு, குடும்பம், குடியரசு, கோமகன் என்று வந்த வரிசையில் ஐந்தாமவர், டிக்கெட் வாங்கும் பயணி.

## தெருவில் நிற்பவை நகல்கள்

பலர் ஏமாற்றமாக எடுத்துக்கொள்ளும் செய்தி இது. தாவீது 1873இல் அகாதெமியா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. வாசலில் நிற்பது 1910இல் வைத்த நகல். சொர்க்க வாசலும் நகலே. அசல் பேராலய ஓப்பெராவின் அருங்காட்சியகத்தில். ஓர்சான்மிக்கேலேயின் சிலைகளில் பெரும்பாலானவை அதே கட்டடத்தின் மாடியில். யூதித்து பலாட்சோ வெக்கியோவுக்குள். பெர்சேயஸ் அசலாகவே வெளியே நிற்கிறான்.

ஏன் உள்ளே கொண்டுபோனார்கள் என்பதற்குக் காற்றும் மழையும் புகையும் பொதுவான பதில். 1966 நவம்பர் 4 தனிப் பதில். அன்று ஆர்னோ கரை புரண்டு, சில தெருக்களில் 6 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. வெப்பமூட்டும் எண்ணெய் கலந்த சேறு நூலகங்களுக்குள்ளும் தேவாலயங்களுக்குள்ளும் புகுந்தது. சொர்க்க வாசலின் பத்துப் பலகைகளில் ஐந்து பெயர்ந்து விழுந்தன. உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் சேற்றிலிருந்து புத்தகங்களைக் கைமாற்றிக் கைமாற்றி மீட்டார்கள். "சேற்றுத் தேவதைகள்" என்று ஊர் அவர்களை அழைத்தது. தண்ணீர் எட்டிய உயரத்தைக் குறிக்கும் சிறு பலகைகளைத் தலைக்கு மேலே பல சுவர்களில் காணலாம்.

## கட்டுப்பாடுகள் எதைக் காக்கின்றன?

இப்போது செய்திக்குத் திரும்பலாம். 1982இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது பழைய நகரம் முழுவதும். தனித்தனிச் சின்னங்கள் அல்ல. இங்கே தெருக்கள் இடைக்கால அகலத்தில்தான் இருக்கின்றன. அதிலிருந்து விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன:

1. வீட்டைக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் கணக்கில் விடுவதில் வருமானம் அதிகம். அதனால் குடியிருப்போர் வெளியேறுகிறார்கள்.

2. குடியிருப்போர் போனால் மளிகைக் கடையும் செருப்புத் தைப்பவரும் படச்சட்டம் செய்யும் தச்சரும் போகிறார்கள். ஆற்றுக்கு அப்பால் உள்ள ஓல்த்ரார்னோ பகுதியின் பட்டறைகள் அந்தக் கில்டு மரபின் கடைசி இழை.

3. மனிதர்கள் வாழாத நகரம் காட்சிக்கூடமாகிவிடும். அப்போது டிக்கெட் வாங்கி வருபவருக்கும் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

வாடகைத் தடை முதல் கண்ணியை வெட்டப் பார்க்கிறது. ஒலிபெருக்கிக்கு எதிரான விதி, ஜன்னலுக்கு உள்ளே இன்னும் வாழ்கிறவர்களை மதிக்கச் சொல்கிறது. வழிகாட்டி மெல்லப் பேச, குழுவினர் காதில் மாட்டிய கருவியில் கேட்கலாம். அதனால் சுற்றுலாவுக்கு இழப்பில்லை. இந்த விதிகள் தாமதமாக வந்தன என்பதுதான் என் குறை.

வழிகாட்டிகளுக்கும் மாற்றம் வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் இத்தாலி நிறைவேற்றிய சட்டம், இத்தொழிலுக்கு நாடு தழுவிய தேர்வையும் பதிவையும் கொண்டுவந்தது. பயணம் திட்டமிடுவோர் உரிமம் பெற்ற வழிகாட்டியையும், கூடுமானவரை சிறிய குழுவையும் தேர்வது நல்லது. குவிமாடம் ஏற நேரம் குறித்த முன்பதிவு வேண்டும். வந்த இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

## பாலத்துக்கு மேலே ஒரு பாதை

உஃபிஸியைத் தாண்டினால் ஆறு. 1333 வெள்ளத்துக்குப்பின் 1345இல் எழுந்த பொன்தே வெக்கியோ பாலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593இல் அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார்கள். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை மற்றப் பாலங்கள் அனைத்தையும் தகர்த்தது; இதை மட்டும் விட்டு, இரு கரையிலும் இருந்த பழைய வீடுகளை இடித்துப் பாதையை அடைத்தது. அதனால்தான் பாலத்தின் இரு முனைகளிலும் கட்டடங்கள் புதியவையாகத் தெரிகின்றன.

நகைக் கடைகளின் தலைக்கு மேலே சிறிய ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். அது வசாரி நடைகூடம். 1565இல் இளவரசர் பிரான்செஸ்கோவின் திருமணத்தையொட்டி ஐந்தே மாதங்களில் கட்டப்பட்டது. பலாட்சோ வெக்கியோவிலிருந்து உஃபிஸி வழியாக, பாலத்தின் மேலாக, கோமகனின் புதிய இல்லமான பிட்டி மாளிகைவரை 700 மீட்டருக்கும் மேல் நீள்கிறது. பாலத்தின் தென்முனையில் மன்னெல்லி குடும்பத்தின் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகும். சாந்தா ஃபெலிச்சித்தா ஆலயத்துக்குள் ஒரு மாடத்தைத் திறந்துவைத்திருக்கிறது. கோமகன் குடும்பத்தார் மக்களிடையே இறங்காமலே வழிபாட்டில் கலந்துகொண்டு திரும்பலாம்.

குடியரசின் ஆட்சியாளர்கள் பெயர் குலுக்கலில் வந்து இரண்டு மாதத்தில் தெருவுக்குத் திரும்பினார்கள். கோமகனுக்குத் தெருவே தேவைப்படவில்லை. நீண்ட பராமரிப்புக்குப்பின் 2024 டிசம்பரில் நடைகூடம் மீண்டும் திறக்கப்பட்டது. முன்பதிவு செய்த சிறு குழுவினர் உஃபிஸியில் நுழைந்து, அந்த ஜன்னல்கள் வழியே பாலத்தின் கூட்டத்தையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டே நடந்து, மறுகரையில் போபோலித் தோட்டத்தின் குகை மண்டபம் அருகே வெளியே வருகிறார்கள்.